கைக்கடிகாரம்

"அவன் தேறிட்டான் அண்ணே," என்றான் தம்பி, டீயை ஆற்றியபடி. அறை நண்பனைப் பற்றித்தான் பேச்சு. வேலை போனதிலிருந்து இரண்டு மாதமாக யாரிடமும் முகம் கொடுக்காதவன், போன வாரம் திடீரெனத் தெளிந்துவிட்டானாம். சீட்டுப் பாக்கியைக் கட்டிவிட்டானாம். ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தையும், "நீ கட்டிக்கோ" என்று இவனிடமே கொடுத்துவிட்டானாம்.

எனக்கு அந்தத் தெளிவுதான் உறுத்தியது.

"கடிகாரம் கொடுத்தா உயிரை விடப்போறான்னு அர்த்தமாண்ணே?"

இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு கட்டக்கூடாது. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், குடி கூடி, ஆட்களை ஒதுக்கிக் கிடந்த ஒருவன், காரணமே தெரியாமல் அமைதியாகிக் கணக்கு வழக்குகளை முடித்தால் விசாரிக்க வேண்டும். முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் அது இருக்கலாம். முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் கவலை இரட்டிப்பு.

பேச்சையும் கவனிக்கணும். 'சாகப்போறேன்' என்று எல்லோரும் சொல்வதில்லை. 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி', 'அம்மாவைப் பாத்துக்கோ' என்று சுற்றி வளைத்து வரும். நேராகவே சொன்னாலோ, குரைக்கிற நாய் கடிக்காது என்று விட்டுவிடுகிறோம். இந்த இடத்தில் அதைவிட மோசமான பழமொழி இல்லை.

"கேட்டா நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்குப் பாரம் இறங்குகிறது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதாடா?" என்று பச்சையாகவே கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். 'உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதே.

ஆமாம் என்றால் தனியே விடாதே. ஆபத்தான எதுவும் கைக்கு எட்டக்கூடாது. இது சின்ன விஷயமில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். கொந்தளிப்பு பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அது தணியும்வரை தூரம் காப்பாற்றும் என்பதுதான் கணக்கு.

அப்புறம் மனநல மருத்துவர். அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 104, இல்லாவிட்டால் 14416. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இதற்காகவே இருக்கிறது.

"போலீஸ் கேஸ் ஆகும்பாங்களே?"

அந்தப் பயத்தில் மறைத்தவர்கள் நிறைய. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. எண்ணம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது குற்றமே கிடையாது.

தம்பி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தான். நாலைந்து மணி அடித்தபிறகுதான் எடுத்தார்கள் போலிருக்கிறது.

"டேய், ரூம்லதான இருக்க? சாப்பிட்டுறாத. பரோட்டா வாங்கிட்டு வர்றேன்... இல்ல, இப்பவே வர்றேன். போனை வைக்காத, பேசிக்கிட்டே இரு."