பால்மறந்த பன்றிக்குட்டிகளுக்கான நன்னுண்ணுயிரித் தீவனச் சேர்ப்பு

நன்னுண்ணுயிரித் தீவனச் சேர்ப்பு என்பது, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளைக் கலந்து கொடுக்கும் முறையாகும். இந்நுண்ணுயிரிகள் புரோபயாட்டிக் எனவும் அழைக்கப்படுகின்றன. பால்மறந்தபின் உண்டாகும் கழிச்சலைத் தடுப்பதும், அதற்கென நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பயன்படுத்துவதைக் குறைப்பதும் இம்முறையின் முதன்மை நோக்கங்கள் ஆகும்.

பால்மறத்தலும் கழிச்சலும்

இயற்கையில் பன்றிக்குட்டிகள் மூன்று, நான்கு மாதங்களில் சிறிது சிறிதாகப் பாலை மறக்கின்றன. பண்ணைகளில் அவை பெரும்பாலும் 3 அல்லது 4 வாரங்களிலேயே திடீரெனப் பிரிக்கப்படுகின்றன. புதிய கொட்டிலும் புதிய தீவனமும் பழகும்வரை குட்டி சரியாக உண்பதில்லை. இதனால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, சத்துக்களை உறிஞ்சும் திறன் குறைகிறது. தாய்ப்பாலிலிருந்து கிடைத்த நோய் எதிர்ப்புப் பொருட்களும் நின்றுவிடுகின்றன.

பால் குடிக்கும் காலத்தில், இலாக்டோபேசில்லசு பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை இலாக்டிக் அமிலமாக மாற்றி இரைப்பையை அமிலத்தன்மையுடன் வைத்திருக்கின்றன. பால் நின்றதும் இந்த அமிலம் குறைகிறது. குட்டியின் இரைப்பையோ இன்னும் போதிய அமிலத்தைச் சுரப்பதில்லை. இந்நிலையில் எசரிக்கியா கோலையின் நச்சு உண்டாக்கும் வகைகள் எஃப்4, எஃப்18 என்னும் நுண்ணிழைகளால் குடற்சுவரில் ஒட்டிப் பெருகுகின்றன. அவற்றின் நச்சு உடல்நீரைக் குடலுக்குள் வெளியேற்றுவதால், கழிச்சல் கண்ட குட்டி நீரிழப்பால் இறக்கவும் கூடும்.

செயற்படும் விதம்

நன்னுண்ணுயிரிகள் ஒட்டுமிடத்திற்கும் உணவிற்கும் நோய்க்கிருமிகளுடன் போட்டியிடுகின்றன. சில வகைகள் அமிலங்களையும் கிருமிகளைத் தடுக்கும் புரதங்களையும் சுரக்கின்றன. சில வகைகள் குடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டுகின்றன.

வகைகள்

இலாக்டிக் அமில பாக்டீரியாக்கள்: இலாக்டோபேசில்லசு, பீடியோகாக்கசு, என்டரோகாக்கசு பீசியம் போன்றவை. இவை வெப்பத்தில் எளிதில் இறந்துவிடும்.

பேசில்லசு வகைகள்: பேசில்லசு சப்டிலிசு, பேசில்லசு இலைக்கெனிபார்மிசு. இவை வித்து வடிவில் சேர்க்கப்படுவதால், குச்சித் தீவனம் தயாரிக்கும்போது ஏற்படும் வெப்பத்தையும் இரைப்பை அமிலத்தையும் தாங்குகின்றன.

ஈஸ்ட்: சாக்கரோமைசீசு செரிவிசியே. இது பூஞ்சை இனமாதலால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இதைப் பாதிப்பதில்லை.

மருந்துகளுக்கான கட்டுப்பாடுகள்

முன்னர் பல நாடுகளில், குட்டிகளின் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாக நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சேர்க்கப்பட்டன. சுவீடன் 1986 இல் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முழுத் தடை 2006 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. கோலிசுட்டின் என்னும் மருந்துக்கான எதிர்ப்பைப் பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தவல்ல எம்சிஆர்-1 மரபணு, சீனாவில் பன்றிகளிடம் கண்டறியப்பட்டதாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. வேறு மருந்துகள் பயனளிக்காத மனித நோயாளிகளுக்கு இறுதியாக அளிக்கப்படும் மருந்துகளுள் கோலிசுட்டினும் ஒன்று. இந்தியா 2019 இல் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளில் இம்மருந்தைத் தடை செய்தது.

கழிச்சலுக்கு மிகு அளவில் கொடுக்கப்பட்ட துத்தநாக ஆக்சைடு, எருவின் வழியே மண்ணில் சேர்வதாலும் மருந்தெதிர்ப்பு பரவத் துணைபுரிவதாலும், 2022 சூனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் விலக்கப்பட்டது. இவற்றால் நன்னுண்ணுயிரிகளின் தேவை கூடியுள்ளது.

பயன்பாடும் வரம்புகளும்

ஒரு கிலோகிராம் தீவனத்திற்கு ஏறத்தாழ 100 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவாகும். உற்பத்தியாளர் குறிப்பிடும் அளவு வகைக்கு வகை வேறுபடும். பாக்டீரியா வகைகளை நுண்ணுயிர் எதிர்ப்பிகளுடன் சேர்த்துக் கொடுத்தால் அவை இறந்து பயனற்றுப் போகலாம். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் சேமிப்பதாலும் அவற்றின் எண்ணிக்கை குறையும். ஈன்றுமுன் தாய்ப்பன்றிக்குக் கொடுத்தால், அதன் சாணத்தின் வழியே அவை குட்டிகளையும் அடைகின்றன.

ஆய்வு முடிவுகள் ஒரே சீராக இல்லை. ஓர் இனத்தின் ஒரு வகை தரும் பயனை அதே இனத்தின் மற்றொரு வகை தராமலிருக்கலாம். நன்னுண்ணுயிரி நோய் தீர்க்கும் மருந்தன்று. கழிச்சல் கண்ட குட்டிக்கு உப்புக்கரைசலும் கால்நடை மருத்துவரின் சிகிச்சையும் தேவை. குறைந்த புரதமுள்ள தீவனம், தூய குடிநீர், கதகதப்பான உலர்ந்த கொட்டில், சற்றுத் தாமதமாகப் பால்மறக்கச் செய்தல் ஆகியவற்றுடன் சேரும்போதே இது நல்ல பயன் தருகிறது.