வெனிஸில் ஒரு வாரம்: யார் வீட்டில் தங்குவது?

புதுதில்லி: பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த மார்க்கோ போலோவின் சொந்த ஊர் வெனிஸ். அவர் இங்கு வந்தபோது விசா கேட்பார் இல்லை. இன்று அந்நகரில் ஒரு வாரம் தங்க விரும்பும் இந்தியத் தம்பதியருக்கு முதல் கவலையே ஷெங்கன் விசாதான்.

2024 ஜூனில் விசா கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பாது. தலைக்கு 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு நவம்பரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

பகலில் வந்து மாலையில் திரும்புவோரிடம், நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024 ஏப்ரல் 25-ல் வெனிஸ் தொடங்கியது. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குவோருக்கு விலக்கு உண்டு. தங்கும் வரி தனி. ஆக, ஒரு வாரம் இருப்பவர் நகருக்கு வேண்டிய விருந்தாளிதான்.

ஆனால், எங்கே தங்குவது? 1951-ல் ஏறத்தாழ 1.75 லட்சம் பேர் வாழ்ந்த பழைய தீவு நகரின் மக்கள்தொகை 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. குடும்பங்கள் குடியிருந்த வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வாடகை ஏற ஏற உள்ளூர் இளைஞர்கள் கரையோர மெஸ்த்ரேவுக்குக் குடிபெயர்கின்றனர். மெஸ்த்ரேவும் அதே நகராட்சிதான். அங்கே விடுதி எடுத்தால் செலவு குறையும், ரயிலில் சுமார் பத்து நிமிடங்களில் தீவை அடையலாம். கூட்டம் கலைந்த இரவில் கால்வாய்க் கரையில் நடக்க விரும்புவோர் தீவிலேயே ஓரிரு இரவுகள் தங்கலாம். வீட்டை விட்டுவிட்டு விடுதி அறையைத் தேர்ந்தெடுப்பதே முறை.