உறுப்பை இழப்பதா, காப்பதா?

மலக்குடலில் புற்றுநோய் என்று அறிந்தவுடன், "பிழைப்பேனா?" என்று கேட்பதற்கு முன்பே, "வயிற்றில் பை வைத்துவிடுவார்களோ?" என்றுதான் நம் மக்களுள் பலர் கேட்கின்றனர். மூலக்குளத்தில் ஒரே குளியலறையை ஏழெட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் உண்டு. அங்கே அந்தப் பை அச்சமூட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அவ்வச்சத்தினாலேயே சிலர் மருத்துவரை நாடாமல், மலத்துடன் குருதி கசிவதற்கு 'மூலம்' என்று தாமே பெயர் சூட்டி, களிம்பும் லேகியமுமாக மாதங்களைக் கடத்துகின்றனர். தொடக்கநிலையில் கண்டறிந்தால் பலருக்கு அப்பை தேவைப்படாமற் போகலாம் என்பதை அவர்கள் அறியார்.

மலக்குடல் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ளது. அதன் கீழ்ப்பகுதியில், ஆசனவாயை ஒட்டிப் புற்று தோன்றும்போதுதான் சிக்கல் எழுகின்றது. 1908-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடலையும் ஆசனவாயையும் ஒருங்கே அகற்றி, வயிற்றில் நிரந்தரமான மலவழி அமைக்கும் முறையை வெளியிட்டார். 1982-இல் பில் ஹீல்ட் என்பவர், குடலைச் சூழ்ந்த கொழுப்புறையையும் அதிலுள்ள நிணக்கணுக்களையும் சிதையாமல் முழுமையாக எடுக்கும் நுட்பத்தை விளக்கினார். அதனால் நோய் மீளுதல் பெரிதும் குறைந்தது. பெரிய அறுவையைக் குறைகூற நான் முன்வரவில்லை. அது எண்ணற்றோரைக் காத்துள்ளது. எனினும் அதற்கொரு விலை உண்டு. ஆசனவாய் தப்பினாலும், அடிக்கடி மலம் கழித்தல், அடக்க இயலாமை, சிறுநீர், இல்லற வாழ்வு ஆகியவற்றில் இடர் என்பன பலருக்கு எஞ்சுகின்றன.

மாற்றுவழிகளுள் ஒன்று பிரான்சு நாட்டு லியோன் நகரில் வளர்ந்தது. அங்கே ழான் பப்பியோன் என்னும் மருத்துவர் 1950-களிலிருந்து, ஆசனவாய் வழியே சிறு குழாயைச் செலுத்தி, கட்டியின்மீது மட்டும் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். அக்கதிர் சில மில்லிமீட்டருக்கு அப்பால் வலுவிழந்துவிடும். அம்மரபில் வந்த ழான்-பியேர் ழெரார் தலைமையில் நடந்த 'ஓபெரா' ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டியுடையோர் அனைவரும் கதிர்வீச்சும் மருந்தும் பெற்றனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் இத்தொடு கதிரும் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் மலக்குடலைக் காத்துக்கொண்டோர் அப்பிரிவில் 81 விழுக்காடு, மற்றப் பிரிவில் 59 விழுக்காடு. குருதிக்கசிவு தொடு கதிர் பெற்றோரிடம் கூடுதலாயிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

பிரேசில் நாட்டு ஆஞ்சலீட்டா ஹப்ர்-காமா அம்மையாரோ வேறொரு துணிவு கொண்டார். கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் பின் கட்டி முற்றிலும் மறைந்துவிட்டால், அறுக்காமல் கண்காணித்தால் என்ன என்று கேட்டார். 265 பேருள் 71 பேரை அவ்வாறு கண்காணித்ததன் பயனை 2004-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் பலர் ஐயுற்றனர். பிறகு 15 நாடுகளின் பதிவேடு 2018-இல் 880 பேரைப் பற்றிக் கூறியது யாதெனில்: ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் கட்டி அதேயிடத்தில் மீண்டும் முளைத்தது, அவற்றுள் 97 விழுக்காடு குடற்சுவரிலேயே தோன்றியமையால், தேடியவர்கள் கண்டுகொள்ள முடிந்தது. மேலோட்டமான மிகச் சிறிய புற்றாயின், அதனை மட்டும் உள்வழியாக வெட்டியெடுத்தலே போதுமாகலாம். எடுத்த திசுவில் தீய குறிகள் தென்பட்டால் பெரிய அறுவை தேவைப்படும்.

"கடவுள் தந்த உறுப்பை அகற்றலாமா, சுவாமி?" என்று கேட்போர் உளர். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1953-இல் சிறுநீரக அறுவை மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு விடை உண்டு. உறுப்பால் உடல் முழுவதற்கும் கடுந்தீங்கு நேரவேண்டும். அதனை அகற்றுவதாலன்றி அத்தீங்கைத் தவிர்க்கவோ தக்கவாறு குறைக்கவோ இயலாதிருக்கவேண்டும். நன்மை இழப்பை ஈடுசெய்யவேண்டும். இரண்டாம் நிபந்தனையைக் கவனியுங்கள். வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. வேறு வழி இல்லாதபோது பைக்கு அஞ்சி உயிரை விடுதல் அறிவுடைமையாகாது.

1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் இன்று மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. நமக்குச் சில கல் தொலைவுதான். அங்கே கேட்கவேண்டியவை: கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ.? சுவரில் எவ்வளவு ஆழம்? நிணக்கணுக்களில் பரவியுள்ளதா? உறுப்பைக் காத்தால் எத்தனை முறை வரவேண்டும்?

இறுதிக் கேள்வியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முதல் இரண்டாண்டு ஏறத்தாழ மூன்று மாதத்திற்கொரு முறை விரற்சோதனை, உள்நோக்கிச் சோதனை, எம்.ஆர்.ஐ.; பின்னும் ஐந்தாண்டு வரை தொடரும். உடல் நலமாயிருக்கையில், நாட்கூலியை இழந்து, வரிசையில் காத்திருக்கக் கொத்தனார் ஒருவருக்கு மனம் வருமா? வராதவருக்கு இம்முறை ஆபத்தானது. அவருக்குப் பெரிய அறுவையே பாதுகாப்பு என மருத்துவர் கூறினால் அதில் நியாயம் உண்டு. அந்த நாட்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்கலாம். ஆண்டுக்கு நான்கு நாள்தானே. வரவேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து, முந்தின மாலை நினைவூட்ட வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.