கை ராசிக்கார அண்ணாச்சி!

காக்காய் பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது என்று முகஸ்துதிக்கு நம்மிடம் எத்தனையோ பெயர்கள். அடுத்தவர் மயங்கினால் சிரிக்கிறோம். நாமே மயங்கும்போது தெரிவதில்லை.

நமது மொத்த மளிகைக் கடைக்குச் சில்லறை வியாபாரி ஒருவர் வருவார். “அண்ணாச்சி கையால எடுத்துக் கொடுத்த சரக்கு கடையில தங்காது” என்பார். முதல் மூன்று மாதம் ரொக்கம். பிறகு ஒரு வாரக் கடன். அப்புறம் பழைய பாக்கியில் கொஞ்சம் தந்துவிட்டு, அதைப்போல் இரு மடங்குக்குச் சரக்கு ஏற்றிப் போவார். கணக்குப்பிள்ளை பேரேட்டைக் காட்டினார். நமக்குக் கோபம் வந்தது, கணக்குப்பிள்ளை மேல்!

பாக்கி கேட்டால், “உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி?” என்பார். மனசு பெரிதென்று சொன்னவரிடம் எப்படிக் கறாராகப் பேசுவது? சூட்சுமமே அங்கேதான். அவர் புகழ்ந்த குணத்தை நாம் காப்பாற்றியாக வேண்டியிருக்கிறது. அதற்கான செலவு நம் கல்லாவிலிருந்து போகிறது.

இதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிக்காமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பாக்கி உண்டென்று கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். வாய்ச்சொல் போதாது. நம்மவரோ, “நமக்குள்ள எழுத்து எதுக்கு அண்ணாச்சி?” என்றே காலத்தைக் கடத்திவிட்டார். பாக்கியில் பெரும்பகுதி போயிற்று.

இதற்காக இன்சொல்லே கூடாதென்று சொல்ல வரவில்லை. சிரித்த முகமில்லாமல் கடை நடத்த முடியுமா? மனிதரைக் கவரும் வழி சொல்லி 1936-இல் நூல் எழுதிய அமெரிக்கர் டேல் கார்னகியே, முகஸ்துதி வேறு, மனமார்ந்த பாராட்டு வேறு என்றுதான் பிரிக்கிறார். “போன மூட்டைத் துவரையில கல்லே இல்ல” என்பவர் சரக்கைப் பார்த்திருக்கிறார். “உங்களைப் போல உண்டா” என்பவர் எதைப் பார்த்தார்? பாராட்டு வந்த நாளையும் பற்று ஏறிய நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

இப்போதெல்லாம் மாதக் கடைசியில் பாக்கிச் சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே காபி சொல்கிறோம். சிலருக்கு வருத்தம்தான். அந்தச் சில்லறை வியாபாரி இப்போது அடுத்த தெருவில் சரக்கு எடுக்கிறார். அந்தக் கடை முதலாளி சென்ற வாரம் நம்மிடம் பெருமையாகச் சொன்னார், தமக்கு நல்ல கை ராசியாம்.