திறந்த நிரலும் பூட்டிய வாசலும்

இந்தியாவில் புழங்கும் திறன்பேசிகளில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்டவை. அதன் அடிப்படை நிரல் திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், தம் கருவியில் நிறுவலாம். அப்படியிருந்தும் ஆண்ட்ராய்டு கூகுளின் பிடியில் இருப்பதாகச் சொல்லப்படுவது ஏன்?

நிரல் திறந்திருப்பது வேறு. அதைப் பயனுள்ளதாக்கும் சேவைகள் திறந்திருப்பது வேறு. பிளே ஸ்டோர், கூகுள் மேப்ஸ் போன்றவை திறந்த மூலத்தின் பகுதியல்ல. அவற்றைத் தம் கருவிகளில் சேர்க்க விரும்பும் தயாரிப்பாளர்கள் கூகுளின் நிபந்தனைகளை ஏற்றாக வேண்டும். 2019இல் அமெரிக்காவின் வர்த்தகத் தடைக்கு உள்ளான ஹுவாவெய் நிறுவனத்தால் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலைப் பயன்படுத்த முடிந்தது. ஆனால், புதிய கருவிகளில் கூகுள் சேவைகளை வழங்க முடியவில்லை. சீனாவுக்கு வெளியே அதன் திறன்பேசி வணிகம் சரிந்தது.

இத்தகைய நிபந்தனைகளுக்காகவே ஐரோப்பிய ஆணையம் 2018இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. சயனோஜென்மாட் திட்டத்தை அதன் நிறுவனம் 2016 இறுதியில் கைவிட்டபோது, தன்னார்வலர்கள் அதே நிரலிலிருந்து லீனியேஜ்ஓஎஸ்ஸை உருவாக்கினர். வெளியிட்ட நிரலை எந்த நிறுவனத்தாலும் திரும்பப் பறிக்க முடியாது என்பதே திறந்த உரிமத்தின் வலிமை. மொசில்லா கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் நிரலும் கைஓஎஸ்ஸாக மாறி, ஜியோபோனில் மறுவாழ்வு பெற்றது. ஆனால், அதை நடத்தியதும் ஒரு நிறுவனமே.

தன்னார்வலர்களின் இயங்குதளங்களுக்கும் தடைகள் உண்டு. சிப்புகளை இயக்கும் மென்பொருள் பெரும்பாலும் மூடப்பட்டதாகவே இருக்கிறது. கூகுளின் சான்று பெறாத கருவியில் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகளும் உள்ளன. சுதந்திரமான இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பவர், பணம் அனுப்பும் வசதியை இழக்க நேரிடலாம். மேலும், ஆண்ட்ராய்டு உருவாக்கப் பணிகள் முழுவதையும் தன் உள்வட்டத்துக்குள் கொண்டுசெல்வதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. பணி முடிந்த பிறகே நிரல் பொதுவெளிக்கு வரும்.

ஆக, உரிமம் மட்டுமே சுதந்திரத்தை உறுதிசெய்துவிடாது. அரசுச் செயலிகளும் பணப் பரிவர்த்தனைச் செயலிகளும் ஒரு தனியார் நிறுவனத்தின் சான்றை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் வலியுறுத்த வேண்டும். விலை கொடுத்து வாங்கிய கருவியில் விரும்பிய இயங்குதளத்தை நிறுவும் உரிமையும் வாங்கியவருக்கு வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரை, திறந்த நிரல் பூட்டிய வாசலுக்குள்தான் இருக்கும்.