சத்தமில்லாத கட்டி

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தென்படும் அட்ரீனல் கட்டியை அலட்சியப்படுத்தவும் கூடாது; அவசரப்பட்டுத் தொடவும் கூடாது.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரி வேறு செய்தி சொல்கிறது: சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியில் 3 செ.மீ. கட்டி. வந்தவருக்கோ அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. 'வலி இல்லையே, கிடந்துவிட்டுப் போகட்டும்' என்று ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது.

சி.டி. ஸ்கேன் பரவலான பிறகு, நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சிலரிடம் இப்படிக் கட்டிகள் தற்செயலாகத் தென்படுகின்றன. பெரும்பாலானவை ஹார்மோன் எதையும் சுரக்காத சாதுக்கள். மீதமுள்ள சிலவற்றில்தான் சிக்கல். அவற்றில் மிக ஆபத்தானது அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் ரத்தத்தில் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா.

திடீர்த் தலைவலி, படபடப்பு, வியர்வை, கூடவே எகிறும் ரத்தக் கொதிப்பு. பாடப் புத்தகம் சொல்லும் அடையாளங்கள் இவை. ஆனால் எல்லாக் கட்டிகளும் பாடப் புத்தகத்தைப் படிப்பதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1928 முதல் 1977 வரை பிரேதப் பரிசோதனையில் உறுதியான 54 நோயாளிகளில், உயிரோடிருந்தபோதே நோய் கண்டறியப்பட்டவர்கள் 13 பேர்தான். மற்றவர்களில் சிலர், வேறு ஏதோ காரணத்துக்காக நடந்த ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள்.

அதற்குக் காரணம் உண்டு. மயக்க மருந்து, சில மாத்திரைகள், கட்டியை அழுத்துவது ஆகிய எதுவும் உறங்கும் கட்டியை எழுப்பிவிடலாம். ஒரே நொடியில் ரத்த அழுத்தம் எகிறி, மூளையில் ரத்தக் கசிவோ மாரடைப்போ ஏற்படலாம். ஹார்மோன் பரிசோதனை செய்யாமல் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

சத்தமே போடாத கட்டியை எப்படிப் பிடிப்பது? அட்ரீனலினை அது எப்போது வெளிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டியின் செல்களுக்குள்ளேயே அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஓயாமல் மாற்றமடைந்து, மெட்டநெஃப்ரின் என்ற பொருளாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்திலோ, 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரிலோ அதை அளந்தால் போதும். அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், சாப்பிடும் மருந்துகளையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாயம் ஏற்றாத சி.டி.யில் கட்டியின் அடர்த்தி சீராகவும் 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேற்படாமலும் இருந்தால், அது கொழுப்பு நிறைந்த சாதுவே.

இன்னொரு வகை, கார்ட்டிசாலை மிதமாகச் சுரந்து சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் ஏற்றி, எலும்பை அரிப்பது. இரவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை ஒரு ரத்தப் பரிசோதனை. அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ரத்தக் கொதிப்பு இருந்தால் ஆல்டோஸ்டீரோனையும் பார்ப்பார்கள்.

ஃபியோ என்று உறுதியானாலும் உடனே கத்தி எடுப்பதில்லை. ஓரிரு வாரங்கள் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து, உப்பும் நீரும் கூட்டி, உடலைத் தயார் செய்வார்கள். அதற்கு முன்னால் பீட்டா தடுப்பு மாத்திரையைத் தொடங்கினால் விபரீதம். தயார்படுத்திய பிறகு, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி மூலமே கட்டியை அகற்றிவிடலாம். வேலூர் சி.எம்.சி., லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்குத் தனித் துறைகளே உள்ளன.

ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. இந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரைச் சொத்து. 1886ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் டாக்டர் ஃபெலிக்ஸ் ஃப்ராங்கெல் விவரித்த 18 வயதுப் பெண்ணுக்கு இரு அட்ரீனல்களிலும் கட்டி இருந்தது, அவர் இறந்த பிறகே தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் உயிரோடிருந்த உறவினர்களிடம் 'ரெட்' என்ற ஜீனில் பிழை இருப்பதை 2007ல் வெளியான ஆய்வு கண்டது. இன்று அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

பீரோவுக்குள் போன ரிப்போர்ட்டை வெளியே எடுத்து, கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம். அது ஒருவருக்கான எச்சரிக்கையாக மட்டும் இல்லாமல் போகலாம்.