நொன்ஸ்டிக் தாச்சி நீடித்து உழைக்க

புறக்கோட்டையில் பேரம்பேசி வாங்கிய நொன்ஸ்டிக் தாச்சி ஆறே மாதத்தில் உரிந்துவிட்டதெனக் கவலைப்படும் சகோதரிகள் புதுக்கடையில் அநேகர்.

அந்தக் கறுப்புப் பூச்சு டெஃப்லோன். 1938இல் அமெரிக்கரான ரோய் பிளங்கட் தற்செயலாகக் கண்டது. 1954இல் பிரான்சின் மார்க் கிரெகோர், மனைவி கேட்டதற்காகவே அதைத் தாச்சியில் பூசினார் என்பார்கள்.

அதற்குப் பகை சூடு. 260 பாகை செல்சியசுக்கு மேல் பூச்சு பழுதாகத் தொடங்கும். கேஸ் அடுப்பின் முழுத் தீயில் வெறும் தாச்சி சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். இன்னும் காய்ந்தால் எழும் புகை மனிதருக்குக் காய்ச்சலைத் தரும். கூட்டுக்கிளியைக் கொன்றே விடும். ஆகவே எண்ணெய் விட்டபின் நடுத்தரத் தீயில் வையுங்கள். சரக்கு வறுப்பதும் தேங்காய் ரொட்டி சுடுவதும் இரும்புத் தாச்சியின் வேலை. முட்டை பொரிக்கத்தான் இது.

கிண்டுவதற்குச் சிரட்டை அகப்பை போதும். சூட்டோடு தண்ணீரில் பிடித்தால் அடி வளையும். ஆறியபின் மெல்லிய துணியால் கழுவுங்கள். கம்பித் தும்பும் சாம்பலும் வேண்டாம். அடுக்கும்போது இடையில் பழந்துணி வையுங்கள்.

உரிந்த துகள் வயிற்றுக்குள் போனாலும் கரையாமல் வெளியேறிவிடும், பயம் வேண்டாம். ஆனாலும் அதிகம் உரிந்ததை மாற்றிவிடுங்கள். அதை ஏழை வீட்டுக்குத் தர்மமாகக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அலுமினியம்தானே, பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார்.